அலுமாரிக்குள் இருந்த கறை

பரீனாவுக்குக் கறை கண்ணில் பட்டால் போதும், கை சும்மா இருக்காது. கிண்ணியாவில் அவளுடைய குசினிச் சுவரில் ஒரு மஞ்சள் பொட்டு ஒரு பொழுது தாங்காது. புருஷன் மூட்டுவலியால் கடலை விட்ட பிறகு அந்தக் கைதான் வீட்டுக்குச் சோறு போட்டது. திருகோணமலை உள்துறைமுகத்தில் வெள்ளைக்காரர் நிறுத்திவிட்டுப் போகும் பாய்ப்படகுகளைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பது அவள் வேலை. பரீனா துடைத்த தளத்தில் சோறு கொட்டிச் சாப்பிடலாம் என்று படகுகளைப் பார்த்துக்கொள்ளும் முகவர் வருவோர் போவோரிடம் சொல்லுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அப்படி நின்ற படகுகளில் இரண்டு விலைக்கு வந்தன. வாங்க வந்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய தம்பி ஸப்வான். எஞ்சின் படகில் டொல்பின் காட்டிப் பிழைத்தவனுக்கு, சுற்றுலாக்காரர் இரண்டு நாள் தங்கிப் போகிற பாய்ப்படகு ஒன்றின் மேல் ஆசை வந்துவிட்டது. தோப்பூரில் இருந்த வயலை விற்றுவிட்டுத்தான் வந்திருந்தான்.

முதலாவது கிழட்டுப் படகு. ஸப்வான் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான். பைபர் நல்ல தடிப்பு, கதவெல்லாம் தேக்கு. ஆனால் உள்ளே இருட்டு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். அலுமாரியைத் திறந்தவன் முகத்தைச் சுளித்தான். உட்சுவரில் மண்ணிறக் கோடுகள் வழிந்திருந்தன.

“இஞ்ச பாருங்க ராத்தா. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பியெல்லாம் மேல ஒரு தகட்டிலதான் பூட்டியிருக்கு. அதுக்குள்ள தண்ணி இறங்கினா இப்படித்தான் துரு வழியும். பழைய படகு வாங்கக்குள்ள முதல் பார்க்கிறது இதைத்தானாம். தகடு அரிச்சா, காத்தில மரம் முறிஞ்சு ஆக்களுக்கு மேல விழும்.”

இரண்டாவது படகு வயதில் பாதி. பைபர் மெல்லிசு, கால் வைத்த இடம் லேசாகக் கொடுத்தது. ஆனால் இரண்டு அறை, அகலமான கதிரைகள், நல்ல வெளிச்சம். ஸப்வான் அங்கேயும் அதே அலுமாரியைத் திறந்து, போன் வெளிச்சத்தை அடித்தான். சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது.

போன கிழமை அந்தச் சுவரிலும் இதே கோடுகள் இருந்தன. யாரும் சொல்லாமலே, தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை எடுத்தவள் பரீனாதான்.

சொல்லத்தான் வாயெடுத்தாள். முகவர் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றார். விற்பனையைக் கெடுத்தால் நாளைக்கு வேலை இருக்குமா? தம்பியின் முகமோ பெருநாள் முகமாக இருந்தது.

“என்ன சொல்றீங்க ராத்தா?”

“சுத்தமாத்தான் இருக்கு,” என்றாள். அது பொய்யும் இல்லை. அதுதான் பிறகு அவளைத் தின்றது.

ஸப்வான் அந்த இரண்டாவது படகையே வாங்கினான். மாரி முழுக்க அது பூட்டிக் கிடந்தது. கூரையில் மழை விழும்போதெல்லாம் பரீனாவுக்கு அந்தத் தகடுதான் நினைவு. தம்பி வீட்டுக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் கதையைத் தொடங்கி, மீன் விலையில் கொண்டுபோய் முடித்தாள். துவா கேட்டாள். துரு ஏறாமல் இருக்கச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்பதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மாரி முடிந்து முதல் பயணத்துக்கு ஸப்வான் நாள் குறித்தான். சுற்றுலாக்காரரை ஏற்றுமுன் தன் மனைவியையும் மகள் அப்ராவையும் கூட்டிக்கொண்டு துறைமுக வாய்க்கு வெளியே போவதாக ஏற்பாடு. காலையில் ஸப்வான் திறப்பைக் கொடுத்தான்.

“உள்ளுக்கு ஒருக்காத் துடைச்சு விடுங்க ராத்தா. இன்னும் கொஞ்சத்தில வந்திருவாங்க.”

அவள் அலுமாரியைத் திறந்தாள். கறை திரும்பி வந்திருந்தது, முன்னையை விட நீளமாக. அப்ராவுக்கென்று மடித்து வைத்திருந்த போர்வையிலும் ஊறியிருந்தது. வெட்டின தேசிக்காய் கையில் இருந்தது. நாலு தேய்ப்பில் போய்விடும். பரீனா அதை வைத்துவிட்டு மேலே போய்த் தம்பியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“இது அண்டைக்கும் இருந்தது. நான்தான் தேய்ச்செடுத்தனான். நீ கேக்கக்குள்ள தெரிஞ்சுகொண்டுதான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்.”

ஸப்வான் அந்தப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, தகட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். தகட்டைப் பிடித்து அசைத்தபோது அதில் பாதிதான் கையோடு வந்தது. மேல்தளத்துக்குள் மறைந்திருந்த இடத்தில் அது பிஸ்கட்டாக உதிர்ந்திருந்தது.

“அப்ரா முன்னுக்கு இருக்கோணும் எண்டு ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவ,” என்றான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

கரையில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியதும் அப்ரா மாமியைக் கண்டு கையைக் காட்டினாள். பரீனாவால் கையைத் தூக்க முடியவில்லை.

“நீங்க போய்ச் சொல்லுங்க, இண்டைக்கு ஏலாது எண்டு,” என்றான் ஸப்வான். ராத்தா என்று கூப்பிடவில்லை.

அவள் போய்ச் சொன்னாள்.