பதினான்காம் அறைக்காரரின் தடிப் புத்தகம்

என் அண்ணி விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். அதே விடுதியில் துணி வெளுக்கும் பகுதியில் நான். ஓர் அறைக்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அண்ணி பதினைந்தில் முடித்துவிடுவாள். மிச்சம் பத்து நிமிடம் அவளுடையது. அங்கே தங்கியிருப்பவர் வைத்துவிட்டுப் போன புத்தகத்தை நின்றபடியே படிப்பாள். உட்கார்ந்தால் விரிப்பு கசங்கும், அதற்கு மேலாளரிடம் திட்டு வாங்க வேண்டும்.

இந்த வருடம் பதினொரு புத்தகம் படித்தாள். முழுதாக முடித்தது நான்கு. பாக்கி ஏழும் பெட்டியோடு ஊர் போய்ச் சேர்ந்தன. கேப்டனைப் பழிவாங்க நாற்பது நாள் உப்பில்லாமல் சமைத்த கப்பல் சமையல்காரனின் கதையைச் சாப்பாட்டு வேளையில் சொல்லும்போது சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. பல்வலியோடு துப்பறிகிறவனின் கதை பாதியில் போனபோது மூன்று நாள் என்மேல் எரிந்து விழுந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது நானா என்ன?

போன வாரம் பதினான்காம் அறையில் ஒரு தடிப் புத்தகம். மரம் அறுக்கும் ஆலை நடத்தும் அக்காள் தங்கை. அக்காளுக்குத் தெரியாமல் தங்கை ஆலையை விற்கக் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். அண்ணி தினமும் அந்த அறைக்கே முதலில் ஓடினாள். "இத்தனை நாள் படிச்சதுல இதுதான்டி," என்றாள்.

ஏழாம் நாள், முப்பது பக்கம் மிச்சமிருக்கையில், மேலாளர் உள்ளே வந்து நின்றார். சாவிக்கொத்து என்று நாங்கள் கூப்பிடும் மனிதர். கொத்து அத்தனை சத்தம் போட்டும் இவள் காதில் விழவில்லை. விருந்தினர் பொருளைத் தொட்டது திருட்டுக்குச் சமம் என்றார். அந்த விருந்தினரிடமே மன்னிப்புக் கேள், இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே என்றார். என் அண்ணன் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான் என்பது அவருக்கும் தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் துவைத்த துண்டுகளையே மறுபடி துவைத்தேன்.

மறுநாள் காலை அந்த ஆள் கிளம்பும்போது அண்ணி முன்வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் பார்த்தோம். அவர் பெரிய மனது பண்ணிப் பரவாயில்லை என்றார். புத்தகம் அவர் கையில் இருந்தது. அண்ணியின் கண் அதிலேயே இருந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. கடைசியில அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சுதா?"

"எந்த அக்கா?" என்று சிரித்தார் அவர். "நான் பன்னிரண்டாம் பக்கமே தாண்டலம்மா. விமானத்துல தூக்கம் வரட்டும்னு வாங்கினது."

சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பெட்டிக்குள் திணித்து இழுத்து மூடினார். சாவிக்கொத்து அவளைப் போகச் சொல்லிக் கண் காட்டினார். அண்ணி நகரவில்லை. பெட்டியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்:

"அப்படின்னா நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க சார்."