படகுக்காரியை எழுதியவர்

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து தருவது அவர் வேலை. நண்பர்கள் வைத்த பெயர் பல்செட். ஞாயிறு மதியங்களில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவார்கள். அவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி அந்தக் கதைக்குள் போவார்கள். மகளும் ஆடுவாள். கதையில் அவள் ஒரு படகுக்காரி. தன் பெயரையே அந்தப் பாத்திரத்துக்கும் வைத்திருந்தாள். வம்புக்கு வருகிறவனிடம், "முதல்ல ஏறுங்க, சண்டைய நடு ஆத்துல வச்சுக்கலாம்" என்பாள். மேஜையே சிரிக்கும்.

கல்லூரியில் படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து இறந்துபோனாள்.

பிறகு அவர் அந்த விளையாட்டுக்கென்று ஒரு சாகசக் கதைப் புத்தகம் எழுதினார். படகுக்காரியை அதில் வைத்தார். விளையாட்டின் விதிகள் ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சொந்தம். வெளியாரும் அவற்றை வைத்துப் புத்தகம் போடலாம் என்று அது திறந்த உரிமம் கொடுத்திருந்தது. நிறுவனம் படைத்த தெய்வங்களையும் நாடுகளையும் தொடக் கூடாது. எழுதியவர் தன் கற்பனையில் எதெல்லாம் தனக்கு மட்டுமே என்று கடைசிப் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டது எல்லோருக்கும் பொது. பொதுவாக்கியதைத் திரும்ப வாங்க முடியாது.

அவர் புத்தகத் தலைப்பை மட்டும் தனக்கென்று குறித்தார்.

மறு வருடம் அவர் மனைவி ஒரு கடையில் வேறொருவர் எழுதிய புத்தகத்தைப் புரட்டினார். மகளின் பெயரில் ஒரு படகுக்காரி. அதே பேச்சு. ஆனால் இவள் பயணிகளை ஆற்றில் தள்ளி நகையைப் பறிக்கிறவள். ஆட்டக்காரர்கள் அவளைக் கொன்றால்தான் கதை முடியும்.

"எம் பொண்ண ஊருக்கே எழுதிக் குடுத்துட்டீங்களே" என்றார் மனைவி. "ஒரு வரி போட்டிருந்தா போதுமாமே. கடைக்காரர் சொல்றார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போடல?"

"அந்த இடத்துல 'எழுதியவரின் சொத்து'ன்னு இருந்துச்சு. அதுக்குக் கீழ அவ பேர எழுத கை வரல."

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

பல்செட் அந்தப் புத்தகத்தின் எழுத்தாளரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"உரிமத்துல சொன்னபடிதான் செஞ்சேன் சார். உங்க புத்தகத்தோட பேரையும் பின்னாடி போட்டிருக்கேனே."

"தப்புன்னு சொல்லல. அது எம் பொண்ணோட பேரு. இப்ப அவ இல்ல."

"அடுத்த அச்சுல மாத்திடறேன் சார்" என்றார் எழுத்தாளர்.

சொன்னபடியே மாற்றினார். ஆனால் அதற்குள் அவர் புத்தகத்திலிருந்து இன்னொருவர் படகுக்காரியை எடுத்திருந்தார். அந்த இன்னொருவரின் புத்தகத்திலும் அவள் ஆட்களை மூழ்கடித்தாள், சாகவும் செய்தாள். அவருக்குத் தொலைபேசி செய்ய பல்செட்டுக்குத் தெம்பில்லை.

ஞாயிறு ஆட்டம் வேறு வீட்டுக்குப் போனது. கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. மதியம் முழுக்க அந்த மேஜையில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். மகளைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.