இடது திரையில் வராத வண்டி

கணபதி ஏரியாவில் எங்கள் டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சை எடுத்து வெளியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மூன்று மானிட்டர்களையும் ஒரு ஸ்டியரிங்கையும் வைத்தார்கள். பெஞ்சு வெளியே போகும்போதே எனக்குக் கவலை தொடங்கிவிட்டது. மூன்றும் ஒரே பிளக்கில் என்றால் வயர் சூடாகாதா? ஃபியூஸ் போனால் மேல்வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துப் போய்விடுமே? என் சுபாவம் அது. ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போனவள் நான். படிப்பு நின்றது, கவலை நிற்கவில்லை. பஸ் வராவிட்டால் கவலை, சீக்கிரம் வந்துவிட்டாலும் கவலை. அதனால் நான் எதற்குப் பயந்தாலும் வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கே என் பயத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

அந்த மெஷின், ரோட்டில் இறங்குவதற்கு முன் உட்கார்ந்து பழகுவதற்கானது. நடுத்திரையில் முன்பக்க ரோடு, இடது திரையில் இடது ஜன்னல், வலது திரையில் வலது ஜன்னல் என்று மூன்றையும் சேர்த்தால் காருக்குள் இருப்பதுபோலவே இருக்கும் என்றார்கள். ஆனால் அன்றைக்கு அதில் முதலில் உட்காரப் போகிறவர் கற்றுக்கொள்ள வந்தவர் இல்லை. கணபதியில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர், என் வீட்டுக்காரர்.

ஆடி மாதம் அவருக்கு லேசாக ஒரு பக்கவாதம் வந்து போனது. கை திரும்பியது, கால் திரும்பியது, பேச்சு முன்னைவிடக் கூடவே வந்தது. கண்ணுக்கு ஒரு டெஸ்ட் எடுத்து வந்து காட்டின பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இவர் போகவில்லை.

"எட்டத்துல வர்ற டவுன் பஸ்ஸு நெம்பரு நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா? கண்ணுக்கு என்ன டெஸ்ட்டு வேண்டிக் கெடக்குது?" என்பார். உண்மையிலேயே சொல்லிவிடுவார். எனக்குத்தான் அவ்வளவு தூரத்தில் நம்பர் தெரியாது.

இடையில் சம்பளத்துக்கு வைத்திருந்த டிரைவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை ஒரு பெண்ணுக்கு முதல் கிளாஸ். பக்கத்துத் தெருவுக்கு மருமகளாக வந்தவள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். நானே எடுக்கிறேன் என்று இவர் ஒப்புக்கொண்டுவிட்டார். சொல்லிக்கொடுக்கிறவர் உட்காருவது இடது சீட்டில். அவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. ரோட்டோரம் நடக்கிற ஜனமெல்லாம் அவர் பக்கம்தான். என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், "மெஷின்ல ஓட்டிக் காட்டறேன். அப்பறம் பேசு," என்றார். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. மெஷின் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடும், நான் சொல்ல வேண்டியிருக்காது.

திரைகளை மாட்டித்தர உக்கடத்திலிருந்து பாய் வந்திருந்தார். பழைய மானிட்டர் வாங்கி விற்கிறவர். அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இவர்தான். பாய் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. முடியாததைக் கேட்டாலும் "பாத்துக்கலாமுங்க" என்பார். முகத்துக்கு நேராக மறுத்துப் பேசாதது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான், ஆனால் பாய் அதில் ஒரு படி மேலே.

முதலில் போட்டதும் மூன்று திரையிலும் ஒரே ரோடு வந்தது. ஒரே லாரி, மூன்று தடவை, மூக்குக்கு நேராக.

"ஏனுங் பாய், மூணு லாரிக்கும் நானே ஒதுங்கோணுங்களா?" என்றார், எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த இவர்.

"ஒண்ணுக்கு ஒதுங்கினா மத்த ரெண்டும் ஒதுங்கிக்குமுங்க மாஸ்டர்," என்றார் பாய். நானும் சிரித்துவிட்டேன். பிறகு ஷாக் அடிக்காமல் இருக்க ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பாய் செட்டிங்குக்குள் போய் எதையோ தட்டினார். மூன்று திரையிலும் பெரிதாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வந்தன. எந்தத் திரை எந்தப் பக்கம் என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அதன் பிறகு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு காட்சியையும் இழுத்துக்கொண்டுபோய் அதனதன் திரையில் விட்டார். ரோடு இடது திரையிலிருந்து நடுத்திரைக்கு வரும்போது ஓர் இடத்தில் படிபோல் உடைந்து நின்றது. சீட்டிலிருந்து திரை எவ்வளவு தூரம் என்று அது கேட்டது. என் தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்சி டேப் எடுத்துக் கொடுத்தேன். இவரைச் சீட்டில் உட்காரவைத்து, மூக்கிலிருந்து திரைக் கண்ணாடி வரைக்கும் பாய் அளந்தார். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்ததால் சென்னிமலை பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து ஆணியில் கட்டினேன். ரோடு ஒட்டிக்கொண்டது. மூன்று கண்ணாடிகளுக்குள் ஒரு முழு ஊர் நின்றது.

இவர் சீட்டில் சரியாக உட்கார்ந்து பெல்ட் போடப் பார்த்தார். இல்லாத பெல்ட்டைத் தேடித்தான் கை போனது. கிளம்பினார். அழகாகத்தான் ஓட்டினார். கியர் மாற்றும் கை அதே கை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போது இடது திரையில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. சுவரோரமாக வந்து, கூடவே ஓடி, முன்னால் வர முயன்றது. நான் பார்க்கிறேன், பாயும் பார்க்கிறார். இவர் இடது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தார். மடேர் என்று ஒரு சத்தம். நடுத்திரை சிவந்தது.

"எங்கிருந்துடா வந்தான்?" என்றார். "பாய், லெஃப்ட் ஸ்க்ரீன்ல வண்டியே வரலீங்களே. வெறும் ரோடாத்தான் இருக்குது."

பாய் திரையைப் பார்த்தார். அங்கே ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது.

"அப்படீங்களா மாஸ்டர்? பாத்துக்கலாமுங்க," என்றார்.

கேபிளைப் பிடுங்கி ஊதி மறுபடி சொருகினார். இவர் எழுந்து வந்து திரைக்கு நேராக நின்று பார்த்தார். "இப்ப வருது பாருங்க!" என்றார். திரும்பப் போய் உட்கார்ந்தார். "போயிருச்சு. நான் எந்திரிச்சா வருது, உக்காந்தா போயிருது. சீட்டுக்கடியில வயரு அமுங்குதுங்க பாய். லூஸ் கனெக்ஷன்."

பாய் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அதற்கடியில் வயரே இல்லை. "ஆமாங்க மாஸ்டர், அமுங்கும்போலத்தான் தெரியுது," என்றார்.

அடுத்து கேபிளை மாற்றினார். அதன் பிறகு இடது மானிட்டரையே கழற்றி வலது பக்கம் வைத்து, வலது பக்கத்தில் இருந்ததை இடது பக்கம் கொண்டுவந்தார். இவர் மறுபடி ஓட்டினார்.

"பாத்தீங்களா? அந்த மானிட்டரு ரைட்டுக்கு வந்ததும் நல்லா வேல செய்யுது. ரைட்ல இருந்தது லெஃப்டுக்கு வந்ததும் படுத்துருச்சு. அப்ப மானிட்டரு மேல தப்பில்லீங்க."

"தப்பில்லீங்க மாஸ்டர்," என்றார் பாய். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. இவர் பேசியதில் ஒரு பிழையும் இல்லை. மூன்று பேருக்கும் அதே கணக்குதான். விடை மட்டும் இவருக்கு வேறாக வந்தது.

பாய் இஞ்சி டேப்பைத் திருப்பிக் கொடுப்பதுபோல என்னிடம் வந்தார். "தங்கச்சி… மாஸ்டரு கண்ணாடி கிண்ணாடி ஏதாச்சும் போட்டிருந்தாருங்களா?"

"இல்லீங் பாய்."

"செரிங்க, செரிங்க." டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றார். நானும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. விருந்தாளி இருப்பதால் இலை போட்டேன். அரிசிம்பருப்புச் சாதம், நெய், தயிர், எலுமிச்சங்காய் ஊறுகாய். இந்த இடத்தில் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இவர் சாப்பாட்டில் உட்கார்ந்ததும், "உப்பு வெக்கலியா?" என்பார். போய் எடுத்துவந்து கைக்குப் பக்கத்தில் வைப்பேன். முதலில் வைத்த உப்பும் இலையில் அப்படியே இருக்கும். நான்தான் வைத்ததை மறந்து மறுபடி வைக்கிறேன் என்று நினைத்தேன். எங்கள் பெரியம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் வந்த ஞாபகமறதி எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன். அவருக்கு என்னவோ என்று பயப்பட வேண்டிய நேரம் முழுக்க எனக்கு என்னவோ என்று பயந்து கழித்திருக்கிறேன்.

அன்றைக்கு என் கையை நானே பார்த்துக்கொண்டு வைத்தேன். இலையின் இடது ஓரம், நுனியில், ஒரு சிட்டிகை உப்பு. அதற்குப் பக்கத்தில் ஊறுகாய்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். "அம்மணி, உப்பு வெக்கல பாரு. ஊறுகாயும் காணம். பாய் வந்திருக்கறாரு, மானத்த வாங்கறியே."

பாய் தன் இலையைப் பார்த்தார். பிறகு இவர் இலையைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

எத்தனையோ வருஷமாக ‘பாத்துப் போங்க, பாத்துப் போங்க’ என்று சொல்லிச் சொல்லி வார்த்தையெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. நான் செய்தது இதுதான். குனிந்து, அவர் இலையை இரண்டு கையாலும் பிடித்து, சாதத்தோடு அப்படியே திருப்பினேன். நுனி வலது பக்கம் வந்தது. துக்க காரியத்தில்தான் எங்கள் வீட்டில் இலையை அப்படிப் போடுவார்கள்.

"என்ன புள்ள பண்றே, சாவு ஊட்டு எலையாட்டம்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். உப்பு வந்திருந்தது. ஊறுகாய் வந்திருந்தது. இலையைப் பார்த்தார். தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பி, என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் நான் அவருடைய இடது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"எத்தன நாளா?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்துங்க."

"ஏன் சொல்லல?"

"நான்தான் மறந்துபோட்டு மறந்துபோட்டு வெக்கறேன்னு நெனச்சனுங்க."

அவர் பாய் பக்கம் திரும்பினார். "பாய், லெஃப்ட் ஸ்க்ரீன்ல வண்டி வந்துதுங்களா?"

"சாதம் ஆறுதுங்க மாஸ்டர். சாப்புடுங்க."

"வந்துதான்னு கேட்டேன்."

பாய் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வந்துட்டேதானுங்க இருந்துது."

பாய் எப்போதும் இரண்டாம் தடவை தயிர் கேட்பவர், அன்று கேட்கவில்லை. கை கழுவிவிட்டு இவர் நேராகப் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தார்.

"பாய், லெஃப்ட் ஜன்னல்ல தெரியறத எல்லாம் ரைட் ஸ்க்ரீனுக்குக் கொண்டுவர முடியுங்களா?"

"பாத்துக்கலாமுங்க." பாய் உட்கார்ந்து இழுத்தார். வலது திரையை இரண்டாகப் பிரித்து, மேல்பாதியில் வலது ஜன்னலையும் கீழ்ப்பாதியில் இடது ஜன்னலையும் வைத்தார். இடது திரை கறுப்பாகப் போனது. பார்க்க எனக்குத் தலை சுற்றியது. இவர் ஓட்டினார். கீழே ஒரு ஸ்கூட்டர் வந்தது. பிரேக் போட்டார். போகவிட்டார். மறுபடி கிளம்பினார். ஒரு கிழவி ரோட்டோரம் இறங்கினாள், அதற்கும் நின்றார். எதன் மேலும் இடிக்கவில்லை. முகத்தில் பழைய மாஸ்டர் வந்து நின்றதுபோல் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. பெட்ஷீட்டின் முடிச்சைச் சரி செய்தேன்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "நம்ம கார்ல இப்படி மாத்தி வெச்சுக் குடுக்க முடியுங்களா பாய்?"

பாய் வழக்கம்போல வாயைத் திறந்தார். ‘பாத்துக்கலாமுங்க’ வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வர வேண்டும் என்றுகூட ஒரு பக்கம் நினைத்தேன். பாய் மௌஸை மேஜை மேல் நேராக வைத்தார்.

"முடியாதுங்க மாஸ்டர்."

இவர் தலையாட்டினார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. "அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுரு, அம்மணி. நாளைக்கு வேண்டாம்னு சொல்லிப்போடு. அப்பறம் அந்தக் கண்ணு டெஸ்ட்டு எங்கேன்னு டாக்டர் குடுத்த சீட்டுல பாரு," என்றார். கார் சாவியை எடுத்து நீட்டினார். நான் வலது பக்கமாக வந்து வாங்கிக்கொண்டேன்.

பாய் மிச்சமிருந்த வயர்களைச் சுற்றத் தொடங்கியிருந்தார். இவர் ஆஃப் பண்ணச் சொல்லவில்லை. திரையில் எங்கள் கார் நடுரோட்டில் நின்றிருந்தது, பின்னால் வந்த வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்தன. நான் வாசலுக்குப் போய்ப் போன் போட்டேன். குழந்தை அழுகிற சத்தத்தோடு அந்தப் பெண் எடுத்தாள்.

"நாளைக்கு கிளாஸ் இல்ல கண்ணு," என்றேன்.

"ஏனுங்க்கா, வண்டிக்கு என்னாச்சுங்க?"

"வண்டி நல்லாத்தான் கண்ணு இருக்குது," என்றேன். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, மறு கையிலிருந்த கார் சாவியை முந்தானையில் முடிந்தேன்.