திருமூர்த்தி டிக் அடித்த கட்டம்

அமெரிக்காவில், டெக்ஸாஸ் பிளானோவில் எங்கள் தெருவில் இருந்த திருமூர்த்தியைப் போல வரிக்குப் பயந்த மனுஷனை நான் பார்த்ததில்லை. உடுமலைப்பேட்டைக்காரர், சாஃப்ட்வேர் வேலை. கிரீன் கார்டு வருகிறவரை அரசாங்கத்துக்கு ஒரு டாலர்கூடப் பாக்கி இருக்கக் கூடாது என்று சம்பளத்தில் கூடுதலாகவே வரி பிடிக்கச் சொல்வார். ஏப்ரலில் ரீஃபண்ட் வந்தால் தெருவுக்கே ஜிலேபி.

"உங்க காசையே குடுத்துட்டுத் திருப்பி வாங்கறதுக்கு ஜிலேபி எதுக்குய்யா?" என்றால் சிரிப்பார்.

ரீஃபண்ட் முழுவதும் மனைவி சாரதாவின் கணக்குக்குப் போகும். பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்க சாரதா ஆறு வருஷமாகச் சேர்த்திருந்தார். 2003 ஜனவரியில் காலேஜ். மூன்று வயது மகள் பிரீத்தியைப் பகலில் பார்த்துக்கொள்ள டேகேரும் பேசியாயிற்று.

2002இல் திருமூர்த்திக்கு ஏழு மாதம் வேலை இல்லை. அதிலும் ஒரு லாபம் கண்டுபிடித்தார். வருமானம் லட்சம் டாலரைத் தாண்டாதவர்கள்தான் பழைய ரிட்டயர்மென்ட் கணக்கை ராத் கணக்காக மாற்றலாம். இப்போது வரி கட்டிவிட்டால், வயதான பிறகு எடுக்கும்போது வரி கிடையாது. அக்டோபரில் புது வேலை கிடைத்த கையோடு ஐம்பதாயிரத்தை மாற்ற ஃபார்ம் நிரப்பினார். அதில், வரி பிடிக்கட்டுமா என்று ஒரு கட்டம். நம்ம ஆளைக் கேட்கவா வேண்டும்! இருபது சதவீதம் பிடித்துக்கொள் என்று டிக் அடித்துவிட்டார்.

டிசம்பரில், எங்கள் வரிக் கணக்கெல்லாம் பார்க்கும் வெங்கடகிருஷ்ணன் அங்கிள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன மூர்த்தி பண்ணி வெச்சிருக்கே? பிடிச்ச பத்தாயிரம் ராத்துக்குப் போகல. நீ கையில வாங்கின மாதிரிதான். அறுபதை நெருங்கறதுக்கு முன்னாடி எடுத்தா பத்து சதவீதம் பெனால்ட்டி. உனக்கு நாப்பதுதான், அதனால ஆயிரம் டாலர் போச்சு."

"ஐயோ! ஒழுங்கா வரி கட்டினதுக்காங்க?"

"பணம் எடுத்த அறுபது நாளுக்குள்ள கைக்காசு பத்தாயிரத்தை ராத்துல போட்டாத் தப்பிச்சே. இன்னும் ஒம்பது நாள் இருக்கு."

ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்தவரிடம் கைக்காசு ஏது? சாரதாவின் கணக்கில்தான் பதினோராயிரம் இருந்தது. தனியாகப் போய்ச் சொல்லப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு வேண்டும் இது.

"ஏனுங்க, அந்தக் கட்டத்துல டிக் பண்றதுக்கு முன்னாடி யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?" சாரதாவுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு செக் எழுதி நீட்டினார். "போடுங்க. ஆனா ஜனவரியில நான் காலேஜ் போவேன். எப்படிங்கறத நீங்க பாருங்க."

மறுநாள் திருமூர்த்தி மறுபடியும் அங்கிள் முன்னால் நின்றார்.

"அட, பிடிச்ச பத்தாயிரம் வரிக் கணக்குலதானே இருக்கு? சம்பளத்துல பிடிச்சதையும் சேர்த்தா இந்த வருஷத்துக்குத் தாராளம்," என்றார் அங்கிள். "இன்னும் எதுக்குச் சம்பளத்துல அள்ளிக் குடுக்கறே? குறைச்சுக்கோ. இனிமேலும் தேவையானதை மட்டும் பிடிக்கச் சொல்லு."

சம்பளத்தில் வரியைக் குறைக்கும் புது ஃபார்மை மூன்று தடவை படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாராம். வருஷக் கடைசிச் சம்பளம் கொழுத்து வந்தது. காலேஜ் ஃபீஸும் ஒரு மாத டேகேரும் அதில் அடங்கின. ஜனவரியில் சாரதா பிரீத்தியை இறக்கிவிட்டு காலேஜுக்கு டிரைவ் பண்ணிப் போனார்.

2004 ஏப்ரலில் ரீஃபண்ட் இல்லை. நாற்பது டாலர் பாக்கி. திருமூர்த்தி அதைக் கட்டிவிட்டு, ஜிலேபி டப்பாவோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பாக்கி வந்ததுக்கு ஜிலேபியா?"

"இல்லீங்க, சாரதா ஃபர்ஸ்ட் இயர் பாஸ்!"