போட்டாச்சா?

எங்க அண்ணிக்கு இருக்கிற அசதி தூங்கி எழுந்தாப் போற அசதி இல்ல. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ராத்திரி வேலை. விடிய விடிய படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுட்டு, ஆவியில வெந்த கையோட காலையில வீடு வந்து சேருவாங்க. சரியா அப்பதான் எங்க அண்ணன், பஸ் டிரைவர், ஷூ மாட்டிக்கிட்டு நிப்பாரு. சாயங்காலம் அவர் உள்ள வர, இவங்க வெளிய போவாங்க. வாசப்படியில பாத்துக்கிற குடும்பம் அது. நான் கீழ் வீட்டுல தையல் மிஷினும் நானுமா இருக்கேன். மாடியில அவங்க வீட்டுல நடக்கிறதெல்லாம் எனக்குக் கேக்கும். வேண்டாம்னாலும் கேக்கும்.

இந்த லட்சணத்துல ஒரு பூனை வேற. ஒருநாள் சலவைக்கூடத்துல இருந்து அண்ணி பின்னாலயே வந்து, கட்டில் மேல ஏறிப் படுத்துடுச்சு. பேரு துரை. யாரும் யோசிச்சு வெச்ச பேரு இல்ல, அது நடந்துக்கிட்ட விதத்துக்கு தானா வந்தது. அந்தத் துரைக்குத்தான் போன வருஷம் சுகர்னு சொல்லிட்டாங்க.

நான் சிரிச்சுட்டேன். "பூனைக்குச் சுகரா அண்ணி? நல்ல கூத்து!"

"ஏன், உனக்கு மட்டும்தான் வரணுமா?"ன்னாங்க. எனக்கும் சுகர்தான். மாசத்துக்கு ஒரு தடவை விரல்ல குத்திப் பாக்கவே எனக்கு அழுகை வரும்.

பூனை டாக்டரம்மா வீட்டுலயே பாக்கச் சொல்லிட்டாங்க. அங்க தூக்கிட்டுப் போனா பயத்துலயே இதுக்குச் சுகர் ஏறிடுதாம், உண்மை அளவு தெரியாதாம். அதனால வேளை தவறாம இந்தச் சடங்கு. வெதுவெதுப்பான துணியைக் காதுல ஒத்தி, ஓரத்துல மெல்லக் குத்தி, கடுகளவு ரத்தத்தை மீட்டர் பட்டையில தொட்டு, பஞ்சு வெச்சு அழுத்தணும். அப்புறம் சாப்பாடு, கூடவே ஊசி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டும் அந்த வாசப்படி நேரத்துலதான். ஆரம்பத்துல அண்ணி கையெல்லாம் கீறல். "விட்டுத் தொலைங்க அண்ணி, உங்களுக்கே நிக்கத் தெம்பில்ல"ன்னு நானும் கத்திப் பாத்தேன். "என்னை நம்பி வந்துடுச்சே"ன்னு சொல்லிட்டுத் துணியை நனைக்கப் போயிட்டாங்க.

நாளாக ஆக, புருஷன் பொண்டாட்டி பேச்சு சுருங்கி ஒத்தை வார்த்தை ஆயிடுச்சு. "போட்டாச்சா?" "போட்டாச்சு." அவ்வளவுதான். நம்ம பேச்சுல ஊசியும் போடறதுதான், சோறும் போடறதுதான், சண்டையும் போடறதுதான். சண்டை போட அவங்களுக்கு நேரமே இல்ல, அது வேற விஷயம்.

அன்னைக்குக் காலையிலயும் அதே கேள்வி. "போட்டாச்சா?" அண்ணன் ஒரு கால்ல ஷூவோட, "இன்னும் போடல, நீ போட்டுடு"ன்னு சொல்லிட்டு படியில தடதடன்னு இறங்கி ஓடினாரு. அண்ணி காதுல குத்திப் பாத்தாங்க, சுகர் எக்கச்சக்கமா இருந்துது. ஊசி போட்டாங்க, கிண்ணத்துல சாப்பாடு வெச்சாங்க, துரை தின்னுதா இல்லையான்னு பாக்கக்கூடக் கண்ணு தாங்காம அப்படியே சாஞ்சுட்டாங்க.

துணி உலர்த்த மேல போறப்ப நான் அவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தேன். துரை கட்டிலுக்குக் கீழ தள்ளாடிக்கிட்டு இருந்துது. பின்னங்கால் வாரி வாரி விழுது. கண்ணு எங்கயோ நிக்குது. கிண்ணத்துல பாதி அப்படியே கிடக்கு. "அண்ணி! அண்ணி!"ன்னு உலுக்கினேன். எழுந்த வேகத்துல மீட்டரைத் தேடி எடுத்தாங்க. சுகர் முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்துது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். "தேனை ஈறுல தடவுங்க, ஊத்தாதீங்க, புரை ஏறிடும். விடாம பாத்துக்கிட்டே இருங்க, ஏறலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க. மருந்து அதிகமாப் போயிடுச்சா?"

"இல்லம்மா, எப்பவும் போடறதுதான்." அண்ணி சொன்னாங்க. நான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன், அண்ணி விரலால தடவினாங்க. தேன் வாங்கி வெச்சது நான்தான். எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே வாங்கினது, அன்னைக்குத்தான் உருப்படியா உதவுச்சு.

அப்ப அண்ணன், பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்துல போட்டுட்டுக் கூப்பிட்டாரு. எப்பவாவது கூப்பிடுவாரு, வரும்போது வாங்கிட்டு வர என்ன வேணும்னு. போனை ஸ்பீக்கர்ல போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, ஊசிதான் நான் போட்டுட்டேனே! ராத்திரி கிண்ணத்துல மிச்சம் இருந்ததைத் தின்னுச்சு, சரின்னு ஊசியைப் போட்டேன். புதுசா சாப்பாடுதான் போடலன்னு சொன்னேன்!"

ரெண்டு ஊசி. முதல் ஊசி வேலை செய்யறதுக்குள்ள அண்ணி பாத்ததால மீட்டரும் காட்டிக் கொடுக்கல. போன்ல கேட்டுக்கிட்டு இருந்த அண்ணி கத்தல, திட்டல. தேன் ஒட்டின விரலோட தரையில உக்காந்து, "ஊசின்னு ஒரு வார்த்தை சேத்துக் கேக்க எனக்குத் தெம்பில்லாமப் போச்சே"ன்னாங்க. எனக்குக் கோவம் வந்துது, யார் மேலன்னுதான் தெரியல.

மறுபடி டாக்டரம்மாகிட்ட ரெண்டு ஊசிக் கதையைச் சொன்னோம். அவங்க சொன்னபடியே தேன், காது, மீட்டர். தேன், காது, மீட்டர். ஏறும், இறங்கும். பாவம், அந்தக் காதுல குத்த இடமே இல்ல. மத்தியானம் மீதி ஷிப்டுக்கு லீவு சொல்லிட்டு அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்னப்ப நூறைத் தாண்டியிருந்துது. துரை எழுந்து, அவரு ஷூவை மோந்து பாத்துட்டு, கிண்ணத்தைப் பாத்துக் கத்துச்சு. அண்ணன் அப்படியே உக்காந்து தலையில கை வெச்சுக்கிட்டாரு.

அதுக்கப்புறம் மாடியில பஸ் நிலைய அறிவிப்பு மாதிரிதான் பேச்சு. "துரைக்கு ஊசி நான் போட்டேன். துரைக்குச் சாப்பாடு நீ போடணும்." "துரைக்குச் சாப்பாடு நான் போடறேன். நீங்க கிளம்புங்க." கீழ உக்காந்து நான் சிரிப்பை அடக்க முடியாம ஊசியில நூல் கோக்க முடியாமத் தவிப்பேன்.

நேத்துக் காலையிலயும் அறிவிப்பு கேட்டுது. "துரைக்கு ஊசி நான் போட்டேன். துரைக்குச் சாப்பாடும் நான் போட்டேன்."

"சரி, வழி விடுங்க. படுக்கணும்"ன்னாங்க அண்ணி.

ஷூ சத்தம் படியில இறங்கல.

"உனக்குச் சாப்பாடு நான் போடறேன். உக்காரு."

"பஸ்ஸுக்கு நேரமாகல?"

"சீக்கிரமே எழுந்துட்டேன். உக்காரு."

தட்டு வைக்கிற சத்தம் கேட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணி அழற சத்தம். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அவங்க அழுது நான் கேட்டதில்ல. மேல போகலாமான்னு எழுந்தேன். போகல. மிஷினை ஓட்டாம உக்காந்துட்டேன்.