கதவில் பூசிய பலாப்பால்

தந்தையை இழந்த எனக்கு எல்லாமாக இருந்த தாய்மாமனிடம் ஒரு மகிழுந்தும் இருந்தது. அதில் ஏறியவர் எவரும் மகிழ்ந்ததாக எனக்கு நினைவில்லை. கொல்லிமலைக்கு அந்நாளில் வண்டிப் பாதை கிடையாது. மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகு விளைவித்த மாமன், அடிவாரத்திலிருந்த எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் அதனை விட்டுவிட்டு நடந்தே மலையேறுவார். இரவில் கோழிகள் அதன்மேல் துயின்றன. ஆலையில் பூசப்பெற்ற கருவண்ணம் கதவெங்கும் செதில் செதிலாக உதிர்ந்து துரு தெரிந்தது.

எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தந்தை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அப்பெண்ணை ஒருமுறை கோயிலில் கண்டது முதல், நான் பள்ளியில் ஒரே இலக்கணப் பாடத்தை மீண்டும் மீண்டும் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர் எவரும் வேறுபாடு உணரவில்லை. மணந்தால் அவளைத்தான் என்று மாமனிடம் உரைத்தேன். அவர் என் முகத்தை நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு மகிழுந்தின் பக்கம் திரும்பினார்.

"உன்னைய ஒண்ணும் பண்ண முடியாது கண்ணு. இதையாச்சும் பளபளன்னு ஆக்கிப்போடலாம்."

போர்க்காலமாதலால் கடைகளில் வண்ணம் கிடைக்கவில்லை. மாமன் மலையிலிருந்து பலாப்பால் கொணர்ந்தார். விரிசல் கண்ட பானையை மலைமக்கள் அடைப்பது அதைக்கொண்டுதான். துருவை உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைத்தோம். பலாப்பாலைக் காய்ச்சி விளக்குக்கரி குழைத்து, கோழியிறகால் பள்ளங்களில் நிரப்பினோம். மறுநாட் காலைக் குளிரில் பூச்சு இறுகிக் கதவு புதிதெனவே மின்னியது. வருபவர் கண்ணில் படட்டும் என்று வண்டியை வெயிலில் தள்ளி நிறுத்தினோம்.

நண்பகலில் பெண்ணின் தந்தை வந்தார். சமவெளியில் சொந்த நிலம் உழுபவர். சலவை வேட்டி உடுத்தியிருந்தார். மகிழுந்தை ஏறெடுத்தும் பாராமல் மாட்டுத் தொழுவத்துள் நுழைந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். என்னிடம் ஏதோ வினவினார். நான் செந்தமிழில் விடையளிக்க அளிக்க அவர் முகத்தில் களைப்பு மிகுந்தது.

உணவுக்குப் பின் வெளியே வந்து, மகிழுந்தின் கதவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மாமனிடம் தொடங்கினார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. தம்பி நல்ல தம்பிதான். வாயத் தொறந்தாத்தான் மந்திரம் ஓதறாப்புல இருக்குது. எம்புள்ள சோறு வேணுமான்னு கேட்டா, இவரு பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆறிப்போயிருமுங்க. ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்பறேன்."

எங்கள் பக்கத்தில் அதற்கு 'இல்லை' என்பதே பொருள். அவர் புறப்பட அடியெடுத்து வைத்தார். வேட்டி உடன் வரவில்லை.

வெயிலில் பலாப்பால் இளகியிருந்தது. அவர் இழுக்க இழுக்கக் கரிய இழைகள் நீண்டன. மாமன் நல்லெண்ணெயுடன் ஓடிவந்து துணியை விடுவித்தார். வேட்டியின் பின்புறம் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலாகியிருந்தது.

"காருக்கு என்னத்தைங்க பூசுனீங்க?"

"பலாப்பாலுங்க."

"பழம் அறுக்கறவன் கையில மட்டும் எண்ணெய் தடவுவான். உங்க காரைத் தொடறவன் ஒடம்பெல்லாம் தடவோணும் போல."

மாமன் உள்ளே சென்று, புது வேட்டியொன்றைத் தட்டில் வைத்து ஏந்தி வந்தார். மாப்பிள்ளை வீட்டுப் புத்தாடையைப் பெண்ணைப் பெற்றவர் வாங்குவது, சம்பந்தம் உறுதியான பின்னர்தான். இருவரும் அதை நன்கறிவர்.

"பழைய வேட்டி ஒண்ணு இல்லீங்களா?"

"இருக்குதுங்க. எல்லாம் காரு வேலைக்குக் கட்டுனது."

அவர் சாலையைப் பார்த்தார். சந்தைக்குச் செல்வோர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தனர். பின்னர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறந்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி" என்று விரைந்து தடுத்துத் தட்டைப் பெற்றுக்கொண்டார்.

மணமாகி வந்தவள் முதலில் பார்த்தது அந்தக் கதவைத்தான். தந்தையின் வேட்டி நூல்கள் அதில் வெள்ளையாக ஒட்டிக் கிடந்தன. மாமன் உப்புத்தாளை எடுத்தபோது, "இருக்கட்டுமுங்க" என்றாள். கோழிகள் மட்டும் அந்த மகிழுந்தின்மேல் அதற்குப் பிறகு ஏறவே இல்லை.