எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன்

மாதாவை நம்பி வாழ்கிற என் பங்கு சனங்களே, என் மனைவி அந்தோணியம்மாள் என் கண்ணெதிரே சாகக் கிடந்தாள். அன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன்.

என்னை உங்களுக்குத் தெரியும். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். லாரியில் க்ளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தத்தில் பிக்கப் வாங்கி, நிலமும் மாடி வீடும் சேர்த்தவன். ஒருத்தன் கொடுத்ததில்லை, எல்லாம் என் கை சம்பாதித்தது. செஞ்சியில் எந்த மெக்கானிக்கும் என் வண்டியின் பானட்டைத் திறந்ததில்லை. வருஷா வருஷம் திருவிழாவில் மாதா சுரூபம் பவனி போவது என் பிக்கப்பில்தான். அதனால் திருவிழாவுக்கு முன்னால் வண்டிக்கு அடிமுதல் நானே பெயிண்ட் அடிப்பேன். மாதா ஏறுகிற வண்டியில் துரு இருக்கலாமா? இந்த வருஷமும் ஒயர்களைக் கழற்றி, அடிச்சட்டமான சேஸ் முழுக்க சில்வர் அடித்து, காய்ந்ததும் பழையபடி முடுக்கினேன்.

மறுநாள் காலையில் வண்டி தெருச் சரிவில் தள்ளித்தான் கிளம்பியது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டு, மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்ற அந்தோணியம்மாளோடு கொல்லை நிலத்துக்குப் போய் நிறுத்தினேன்.

பாதி மூட்டை ஏற்றியிருப்பேன். மல்லாட்டைக் குவியலில் கையை விட்ட அந்தோணியம்மாள் "ஐயோ" என்றாள். கண்ணாடி விரியன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை வீங்கியது.

அவளைத் தூக்கி வண்டி நிழலில் கிடத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டக். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். டக்.

சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்து முருகேசன் ஓடிவந்தான். அவன் பைக்கை மகன் அவலூர்பேட்டைச் சந்தைக்கு எடுத்துப் போயிருந்தான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், வேறொரு நோயாளியோடு போயிருக்கிறது, வரும், நேரமாகும் என்றார்கள். உழவு மண்ணில் டயர் புதைந்து நின்ற வண்டியை நாங்கள் இரண்டு பேர் தள்ளினால் அசையுமா?

"பேட்டரி செத்துருக்கும்ண்ணே" என்றான் முருகேசன்.

"லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது. எனக்கே சொல்றியாடா?"

ரோட்டில் போகிற எந்த வண்டியையாவது நிறுத்துகிறேன் என்று ஓடினான். நான் பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினேன். ஸ்க்ரூடிரைவரை வைத்து நேராக ஷார்ட் பண்ணிப் பார்த்தேன். பொறி பறந்தது, செல்ஃப் சுற்றவில்லை. எதிரே கோட்டை மலை தெரிந்தது. அதன் அடியில்தான் ஆஸ்பத்திரி. கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு என்னால் போக முடியவில்லை.

அந்தோணியம்மாளின் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. அவள் சொன்னாள்: "ஊரு சனத்தயெல்லாம் ஏத்திக்கினு போன. எனக்குன்னா நின்னுக்குது பாரு."

நான் ஸ்பேனரோடு மறுபடி பானட்டுக்குள் குனிந்தேன்.

"வண்டி கெடக்கட்டும். எங்கிட்ட வந்து குந்து. தனியா சாவ பயமா இருக்குது."

சகோதரர்களே, என் நைனா செத்த அன்றும் நான் அழாதவன். அன்றைக்கு அழுதேன். திறந்த பானட்டுக்கு முன்னாலேயே முழங்காலில் விழுந்தேன். கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டேன். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "மாதாவே, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீந்துபோச்சு" என்றேன். அது ஒன்றுதான் வந்தது.

அப்போதுதான் கை சுட்டது. நான் பிடித்திருந்தது பேட்டரியிலிருந்து சேஸுக்குப் போகிற எர்த் ஒயர். சேஸில் முடுக்கியிருந்த அதன் முனை சுட்டது. நல்ல இணைப்பு அப்படிச் சுடாது. சட்டென்று புத்தியில் பட்டது. பெயிண்டின் மேலேயே ஒயரை முடுக்கியிருக்கிறேன். லைட்டுக்கு வேண்டிய கொஞ்சம் கரண்டு எப்படியோ போகும். செல்ஃபுக்கு வேண்டியது பெயிண்டைத் தாண்டிப் போகாது. மாதாவுக்கென்று நான் ஆசையாய் அடித்த பெயிண்ட்தான் வண்டியைக் கட்டிப்போட்டிருந்தது.

போல்ட்டைக் கழற்றிக் கதிர் அருவாளால் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி முடுக்கினேன். சாவியைத் திருப்பினதும் வண்டி பிடித்துக்கொண்டது. வெறுங்கையோடு திரும்பி வந்த முருகேசன் அவளைத் தூக்கி உட்கார வைத்து மடியில் சாய்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் உடனே தேறிவிடவில்லை. சிறுநீர் ரத்தமாய்ப் போனது. உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்து, இவள் போய்விட்டால் அந்த மாடி வீட்டில் யாரோடு இருப்பேன் என்று நினைத்து நினைத்துச் செத்தேன். திருவிழாவும் வந்தது. அவளை விட்டு வர மனசில்லை. வண்டிச் சாவியை முருகேசனிடம் கொடுத்தேன். அந்த ஸ்டியரிங்கை வேறொருத்தர் பிடித்தது அதுவே முதல் தடவை. அவன் நம் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டினானாம்.

அந்தோணியம்மாள் பிழைத்து வந்தாள். இரண்டு விரல் மடங்காது. சோறு நான் பிசைந்து தருகிறேன். ஜெபமாலை பொம்பளைங்க வேலை என்று வெளியே நின்றிருந்த நான், இப்போது சாயங்காலமானால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். எனக்காக மாதா கேட்டாள், ஆண்டவர் கொடுத்தார்.

இப்போதும் சொல்கிறேன், என்னைப்போல் வண்டி தெரிந்தவன் இந்தச் சுற்றுப்பட்டில் இல்லை. அப்படிப்பட்டவனுக்கே கைவிட்டுப் போன நேரம் வந்தது. உங்களுக்கும் வரும். அன்றைக்கு நல்ல வார்த்தை தேடிக்கொண்டு இருக்காதீர்கள். மாதாவிடம் முடியவில்லை என்று சொல்லுங்கள், போதும். அவள் தாய்.